குளிகையில் அறுத்த நாற்காலி

ஆலங்கிணறு ஊராட்சியில் நூற்றுப் பன்னிரண்டு தலைவர்களும் ஒரே ஒரு பொதுஜனமும் இருந்த காலத்தில், அந்த ஒரே பொதுஜனம் உலகம்மாள்தான். மனு கொடுக்க அவள், குறை சொல்ல அவள், கைதட்ட அவள், பொன்னாடை போர்த்தும்போது பக்கத்தில் நின்று சிரிக்கவும் அவள் என்று ஆகிப்போனதில், விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமில்லை. தண்ணீரும் இல்லை, ஏனென்றால் மேல்நிலைத் தொட்டியில் வால்வு திறந்துவிடுகிறவரும் தலைவராகியிருந்தார். ஆனால் அவளுக்கு வேண்டியது தண்ணீரல்ல. அவள் புருஷன் குத்தாலிங்கம் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, புருஷனாக அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான். ஐந்து மாதமாக அவன் அவளிடம் பேசியதெல்லாம் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்பதுதான்.

முன்பெல்லாம் அவன் அப்படி இல்லை. தென்காசி போகிற சாலையில் மரப்பட்டறை வைத்திருந்தான். கையில் பிடித்து அறுக்கிற மின்சாரக் கட்டர் ஒன்றை மேஜைக்கு அடியில் நாலு திருகாணி போட்டுத் தலைகீழாக முடுக்கி வைத்து, பலகை நடுவில் எட்டிப் பார்க்கிற அதன் வட்டப் பல்லில் மரத்தைத் தள்ளி அறுப்பது அவன் வேலைமுறை. கட்டரின் சுவிட்ச் சுவரில், பன்னிரண்டு எட்டு தள்ளி இருந்தது. அந்தப் பன்னிரண்டு எட்டை நடப்பதற்குப் பதிலாக அவன் நாலு மாதம் செல்போனில் வீடியோ பார்த்து, மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து, அதிலிருந்து ஒரு வயரை உள்ளங்கையளவு டப்பா ஒன்றுக்கு இழுத்து, அந்த டப்பா வழியாகக் கட்டருக்குக் கரண்டு போகிற மாதிரி செய்தான். கம்ப்யூட்டரில் நேரத்தைக் குறித்துவிட்டால் போதும்; டப்பா ‘டக்’ என்னும், கட்டர் ஓடும், மறுபடியும் ‘டக்’ என்னும், கட்டர் நிற்கும்.

“பன்னெண்டு எட்டு நடக்கச் சடைஞ்சிக்கிட்டு நாலு மாசம் கண்ணு முழிச்ச மனுஷன நான் இங்கதாம் பாக்கேன்” என்றாள் உலகம்மாள்.

அவன் கோபப்படவில்லை. “நடக்கதுக்கு இல்ல உலகு. அது சொன்ன நேரத்துக்கு நிக்கும் பாரு, அதுக்குத்தாம். மனுஷன் எவன் நிக்கான், சொன்ன நேரத்துக்கு?” என்று காபியை ஆற்றி, பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குடித்தான். அவனைக் கட்டிக்கொண்ட பதினெட்டு வருஷத்தில் அவள் தனியாக ஒரு காபி குடித்ததில்லை.

ஊராட்சித் தலைவர் தெய்வநாயகம் மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். மூன்று ஓட்டு வித்தியாசம் என்பது ஒருவர் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது. தெருவில் எந்த மூன்று பேர் சேர்ந்து நின்று பேசினாலும் அவர் நாலாவது ஆளாகப் போய் நின்றுகொள்வார். அவர் ஒருநாள் பட்டறைக்கு வந்து, தேக்கில், கைப்பிடியில் சிங்க முகம் வைத்து, தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றார். வேண்டும் என்றதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. “முழுக்க முழுக்கக் குளிகை நேரத்துல அறுக்கணும், பாத்துக்கோ” என்றார்.

குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் குளிகையில் யாரும் பிணத்தை எடுக்க மாட்டார்கள், நகை வாங்க மட்டும் ஓடுவார்கள். நாற்காலியைக் குளிகையில் அறுத்தால் பதவி திரும்பத் திரும்ப வரும் என்பது தெய்வநாயகத்தின் கணக்கு. “ஒங் கைய நான் நம்ப மாட்டேன். முன்னப்பின்ன ஆயிரும். அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுரு” என்றார்.

குத்தாலிங்கம் தேதி கிழிக்கிற காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். வியாழக்கிழமைக்கு ஒன்பது முதல் பத்தரை என்று போட்டான். ஒரு நாளைக்காக மட்டும் இவ்வளவு பெரிய ஏற்பாடா என்று மனது கேட்காமல், வெள்ளிக்கு ஏழரை, சனிக்கு ஆறு, ஞாயிறுக்கு மூன்று என்று வாரம் முழுவதற்கும் குளிகையைப் போட்டு, வாராவாரம் தொடரட்டும் என்று ஒரு கட்டளையையும் சேர்த்துவிட்டான். நல்ல வேலைக்காரர்கள் எல்லாரும் செய்கிற தவறு அதுதான், கேட்டதற்கு மேலே கொஞ்சம் செய்துவிடுவது.

ஆவணி மாதத்து வியாழன் ஒன்பது மணிக்கு டப்பா ‘டக்’ என்றது. முந்தின நாளே இழைத்துக் கோடு போட்டு வைத்திருந்த தேக்கை, பென்சிலைப் பல்லில் கடித்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் அவன் அறுத்தான். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தெய்வநாயகம் “வேகமா, வேகமா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உலகம்மாள் ரேஷன் கடை வரிசையில் நின்றாள். பத்தரைக்குள் சிங்க முகம் பூட்டி நாற்காலி முடிந்தது. தெய்வநாயகம் அதைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஏழரைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் இட்லி தின்றுகொண்டிருந்தபோது பட்டறைக்குள் ‘டக்’ என்று கேட்டது. ஒன்றரை மணி நேரம் ஆளில்லாமல் கட்டர் ஓடியது. ஒன்பது மணிக்கு மறுபடியும் ‘டக்’ கேட்டு அவர்கள் போய்ப் பார்க்கையில், நடுப் பட்டறையில் அதே நாற்காலி, அதே சிங்க முகம், இடது கைப்பிடியில் அதே கருங்கணுவோடு உட்கார்ந்திருந்தது. அடுக்கியிருந்த மரத்தில் ஒரு சிராய் குறையவில்லை. “பரவால்ல, திட்டம் சரியா வேல செய்யுது” என்றான் குத்தாலிங்கம். சனிக்கிழமை விடியக்காலையில் மூன்றாவது வந்தது.

அதற்குப் பிறகு ஊர் செய்ததெல்லாம் ஊர் செய்யக்கூடியதுதான். மின்வாரியத்திலிருந்து வந்த லைன்மேன், பிளக்கைப் பிடுங்கிப் போட்ட பிறகும் கட்டர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மீட்டர் சுற்றாததால் இது தங்கள் துறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வனத்துறைக்காரர் தேக்குக்கு அனுமதிச் சீட்டு கேட்டு வந்து, தேக்கே செலவாகவில்லை என்று தெரிந்ததும், ‘மரத்தால் செய்யப்படாத மர நாற்காலிகள்’ என்று ஒரு புதுப் பதிவேடு தொடங்கினார். கம்ப்யூட்டரை அணைத்துப் பார்த்தார்கள், டப்பாவைக் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றி ஜன்னலில் வைத்த டப்பா அங்கிருந்தே ‘டக்’ என்றது. அப்புறம் அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது நாற்காலியைத் தெய்வநாயகமே கூடுதலாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டார். மூன்றாவது டீக்கடை பாக்கியநாதனுக்குப் போனது. அவன் அதில் உட்கார்ந்து, டீ கேட்டு வந்தவரைப் பார்த்து, “உங்க கோரிக்கை அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்” என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் எழுந்த ஒளியைக் கண்டு, டீ கேட்டவர் நேராகப் பட்டறைக்குப் போய் நாலாவது நாற்காலிக்குப் பெயர் கொடுத்தார். உட்கார்ந்தவன் தலைவன் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு நாற்காலி, ஒரு நாளைக்கு ஒரு தலைவர் என்று ஆவணி போய்ப் புரட்டாசி போய் ஐப்பசி போய்க் கார்த்திகையும் போக, வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டது; அதற்கு மேல் வந்தவற்றைப் பட்டறைக்குப் பின்னால் அடுக்கினார்கள். காலையில் புருஷன் தலைவர், மத்தியானம் பெண்டாட்டி தலைவர், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகள் முறைவைத்துத் தலைவர். இட்லிப் பானையின் மூடியை ரிப்பன் வெட்டித்தான் திறந்தார்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள்; அடிக்கல்லோடு நின்றது, கோழிகள் வேலியில் தூங்கின. ஒரு தலைவர் தெருவில் நடந்தால் எதிரே வருகிற தலைவர் ஆய்வு செய்தார், ஆய்வு செய்தவரைப் பின்னால் வந்தவர் ஆய்வு செய்தார்.

தெய்வநாயகம்தான் பாவம். தன் ஊரில் போலித் தலைவர்கள் பெருகிவிட்டார்கள் என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினார். ‘ஆலங்கிணறு தலைவரிடமிருந்து இதே புகார் ஏற்கனவே எழுபத்தொன்பது முறை வந்துள்ளது’ என்று பதில் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு அழுதார் என்று சொல்கிறார்கள்.

குத்தாலிங்கம் உட்கார்ந்தது ஆசையால் இல்லை, தொழில் சுத்தத்தால். செய்த நாற்காலியைக் கொடுப்பதற்கு முன் அதில் ஒருமுறை உட்கார்ந்து கால் ஆடுகிறதா என்று பார்ப்பது அவன் வழக்கம். கட்டர் தானாகச் செய்கிற நாற்காலிகளை ஒரு வாரமாகச் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தவனுக்கு மனசு உறுத்த, எட்டாவது நாற்காலியில் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தான். ஆட்டமில்லை. எழுந்திருக்கவுமில்லை.

“என்னங்க, சோறு ஆறிப்போவுது, வாங்க” என்றாள் உலகம்மாள்.

“அம்மா, கோரிக்கைய எழுத்து மூலமாக் குடுங்க” என்றான் குத்தாலிங்கம். “வாய்மொழியாச் சொன்னா பதிவாகாது.”

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் ஒரு தாளில், என் கணவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிட வர வேண்டும் என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை இரண்டு முறை படித்தான். “உங்க கணவர் யாரும்மா?” என்றான்.

“நீங்கதாம்.”

“அப்படின்னா இத நான் பாக்கக் கூடாது. என் சம்பந்தப்பட்ட மனுவ நானே பரிசீலிச்சா நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும். வேற தலைவருக்கு அனுப்புதேன்” என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்து, தான் செய்கிற ஒவ்வொரு கட்டிலின் சட்டத்து அடியிலும் அவன் பென்சிலால் போடுகிற அதே கையெழுத்து. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த மனு பாக்கியநாதனிடம் போனது, பாக்கியநாதன் வாத்தியாருக்கு அனுப்பினான், வாத்தியார் வால்வு திறக்கிறவருக்கு, வால்வு திறக்கிறவர் தக்க நடவடிக்கைக்காக அடுத்த வீட்டுக்கு என்று அது தெருத் தெருவாகப் போய்க்கொண்டேயிருந்தது. ஊரில் உட்காராதவள் அவள் ஒருத்திதான். அது வைராக்கியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கு உட்கார நேரமில்லை. பட்டறை வேலையும் வீட்டு வேலையும் அவள் தலையில் விழ, நூற்றுப் பன்னிரண்டு தலைவர்களும் குறைதீர்க்கும் நாளுக்கு ஆள் வேண்டுமென்று அவளையே கூப்பிட, திங்கட்கிழமைகளில் அவள் பதினாறு இடத்தில் போய்ப் பதினாறு குறை சொன்னாள். ஒரு தலைவர், இன்னொருவரிடம் சொன்ன குறையையே தன்னிடமும் சொல்லிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டார். அதற்காக அவள் புதிதாக ஒரு முதுகுவலியைச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல அது உண்மையாகவே வந்துவிட்டது.

தை மாதம் ஒரு புதன்கிழமை பத்தரை மணிக்கு அவள் தெய்வநாயகத்தின் வீட்டில் மனுவோடு நின்றிருந்தபோது, அவர் பேச்சை நடுவில் விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், “வேகமா, வேகமா” என்றார். சொல்லிக்கொண்டேயிருந்தார்.

“இது என்ன மைனி, இவருக்கு?” என்று அவர் மனைவியிடம் கேட்டாள் உலகம்மாள்.

“தெனம் இப்படித்தாம், ஒன்ற மணி நேரத்துக்கு. ஆவணியில இருந்து. வேற என்ன கேட்டாலும் காதுல விழாது.”

உலகம்மாள் வீட்டுக்கு நடந்தாள். நடக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. திரும்பி வருவது நாற்காலி மட்டுமில்லை. அன்றைக்குக் கட்டர் ஓடும்போது பட்டறையில் நடந்த எல்லாமும்தான் வருகிறது. குத்தாலிங்கம் பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்ததால் அவன் பேச்சு வரவில்லை. குளிகையில் செய்ததை அழிக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குளிகையில் இன்னொன்றைச் செய்தால் அதுவும் திரும்பி வருமே. ஆக, அந்தக் கட்டரைக் கையில் பிடித்து ஒரு குளிகை முழுக்க அவள் என்ன செய்கிறாளோ அது அவளுக்கு ஆயுசுக்கும் கிடைக்கும்.

அதற்குள் அவள் மனு நூற்றுப் பதினோரு வீட்டையும் சுற்றி முடித்துவிட்டது. யாரும் முடிவெடுக்கவில்லை என்பதால் எல்லாத் தலைவர்களும் கூடி முடிவெடுப்பது என்று முடிவானது. மனுதாரர் என்ற முறையில் நாளும் நேரமும் அவளைக் கேட்டார்கள். “செவ்வாக்கிழம பன்னெண்டு மணிக்கு, எங்க பட்டறையில வைங்க” என்றாள். செவ்வாய்க்குப் பன்னிரண்டு முதல் ஒன்றரை குளிகை.

அந்த ஒரு வாரமும் அவள் யோசித்ததைப்போல அந்த ஊரில் யாரும் எதையும் யோசித்ததில்லை. ஐந்து மாதத்து வசவு அவள் தொண்டைக்குள் வரிசையாக நின்றது. ஆனால் அன்றைக்கு வைதால் ஆயுசுக்கும் தினம் வைய வேண்டும். அழுதால் தினம் அழ வேண்டும். ஆகவே வைவதில்லை, அழுவதில்லை என்று தீர்மானித்தாள். அப்புறம், என்ன சமைப்பது என்பதில் இரண்டு நாள் போனது. தினமும் தின்றாலும் அலுக்காத ஒன்று வேண்டுமே. கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாம் விழுகிற கூட்டாஞ்சோறு என்று முடிவு செய்தாள். ஒரு நாள் கத்தரிக்காயைத் தேடித் தின்னலாம், ஒரு நாள் முருங்கைக்காயை.

செவ்வாய்க்கிழமை நூற்றுப் பதினோரு தலைவர்கள் தத்தம் நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு பட்டறை முற்றத்துக்கு வந்து வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். குத்தாலிங்கம் ஏற்கனவே உட்கார்ந்திருந்தான். உலகம்மாள் மேஜைக்கு அடியில் நாலு திருகாணியையும் கழற்றி, கட்டரைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். பன்னிரண்டுக்கு ‘டக்’ என்றதும் அது அவள் கையில் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஏதோ திறப்புவிழா என்று நினைத்துத் தலைவர்கள் கைதட்டினார்கள். அவள் புருஷனின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் முன்பக்கத்து இடது காலில் கட்டரை வைத்தாள்.

“அம்மா, இது அலுவல் நேரம்” என்றான் குத்தாலிங்கம்.

கால் அறுந்து விழுந்தது, அவன் விழுந்தான். அந்த நூற்றுப் பன்னிரண்டும் ஒரே நாற்காலி திரும்பத் திரும்ப வந்ததுதானே, ஒன்றின் கால் போனதும் எல்லாவற்றின் காலும் போக, முற்றம் முழுக்கத் தலைவர்கள் பொத்துப் பொத்தென்று மண்ணில் உருண்டார்கள்.

“ஏட்டி உலகு” என்றான் குத்தாலிங்கம் தரையிலிருந்து. “கையக் குடுட்டி, இடுப்பு போச்சு.”

அவள் ஓடுகிற கட்டரை மேஜைப் பலகையில் மல்லாக்க வைத்துவிட்டுக் கையைக் கொடுத்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு பிடித்த கை. தீர்மானித்தபடி அவள் அழவில்லை. சுற்றிலும் எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வால்வு திறக்கிறவர் “ஐயோ, தண்ணி!” என்று ஓடினார். பாக்கியநாதன் அடுப்பைப் பற்றவைக்க ஓடினான், வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார், தெய்வநாயகம் “வேகமா, வேகமா” என்றபடியே, யாரும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்து அடைத்துக் கிடந்த வாறுகால் சாக்கடையைத் தோண்டினார். இவர்கள் இருவரும் மரத்தூளின்மேல் உட்கார்ந்து கூட்டாஞ்சோறு தின்றார்கள். அவன் மூன்று தரம் வாங்கித் தின்றான். எத்தனை நாளாகத் தான் இப்படி இருந்தோம் என்று கேட்டுவிட்டு, அவள் சொன்னதும், “எம்மா!” என்று வாயைப் பொத்திக்கொண்டான். அவள் கைவிரலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, “காப்புக் காச்சிட்டே” என்றான்.

எல்லாம் அவள் போட்ட திட்டப்படியே நடந்தது, கடைசி ஒரு நிமிஷம் தவிர. அந்த நிமிஷத்துக்கு அவள் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. மனசு தாங்காமல் வாயில் வந்துவிட்டது.

“இனிமே அதுல உக்காராதீங்க.”

“உக்கார மாட்டேன் உலகு” என்றான் அவன், கண் கலங்கி. “ஒம் மேல சத்தியம்.”

‘டக்.’

மணி ஒன்றரை. குளிகையில் செய்த நாற்காலி அல்லவா, அதற்குக் கால் திரும்ப முளைத்திருந்தது. குத்தாலிங்கம் நடந்துபோய் உட்கார்ந்து, “அடுத்த மனு யாருது?” என்றான்.

மறுநாள் புதன் பத்தரைக்கு நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரவர் இருந்த இடத்தில் விழுந்தார்கள். ஊர் அதையும் பழகிக்கொண்டது. அடுத்த வருஷத்துக் காலண்டரில் ராகு காலம், எமகண்டத்தோடு ‘விழும் நேரம்’ என்றும் அச்சடித்து வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் எல்லாரும் ஒரு தலையணையைப் போட்டுவைத்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் வருகிறது, பாடம் நடக்கிறது, டீ கிடைக்கிறது, வாறுகால் ஓடுகிறது. ஒரு நாள் வேலையை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும் முன்மாதிரி ஊராட்சி என்று மாவட்டத்தில் கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொள்ள நூற்றுப் பன்னிரண்டு பேர் மேடையேறி, மேடை இறங்கிவிட்டது.

உலகம்மாள் சமைப்பதில்லை, கூட்டாஞ்சோறு நேரத்துக்குச் சுடச்சுட வந்துவிடுகிறது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் கையை நீட்டிக்கொண்டு நிற்பதுதான். தினமும் அவன் எம்மா என்று வாயைப் பொத்துகிறான், விரலைப் பிடித்துப் பார்க்கிறான், கடைசி நிமிஷத்தில் அவள் கேட்கிறாள், அவன் கண் கலங்கிச் சத்தியம் செய்கிறான்.

“ஏன் மைனி” என்று ஒருநாள் காலையில், நாற்காலியில் தன் முறை வராத நேரமாகப் பார்த்து, பாக்கியநாதன் பெண்டாட்டி கோமதி கேட்டாள். “அண்ணாச்சி எந்திரிச்சி நிக்காருல்லா, அந்த நேரம் பாத்து நாக்காலிய இழுத்துக் கெணத்துல தள்ளிட்டா என்ன? கை எட்டுத தூரந்தான.”

உலகம்மாளுக்கு அது தெரியாததல்ல. முதல் நாளிலிருந்தே தெரியும்.

“எம் மேல சத்தியம் பண்ணுதாரே, கோமதி” என்றாள். “அவரு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே எப்படி இழுக்க? நம்பலன்னு ஆயிராதா?”